ரேடியேட்டர் கார்டு: கடையில வாங்கறதா, வலை வாங்கி நாமளே செஞ்சுக்கறதா?

மண்ரோடு:

வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாத்தான் வரும். என்கிட்ட இருக்கறது லிக்விட் கூல்டு (திரவத்தால எஞ்சின் சூட்டைத் தணிக்கற) சிங்கிள் சிலிண்டர் அட்வென்ச்சர் பைக். ரேடியேட்டர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னாடி நிக்குது, அதுக்கு முன்னாடி வண்டியோட வந்த பிளாஸ்டிக் ஜாலி ஒண்ணு இருக்கு ஆனா அதுல விரலே நுழையுது, அப்பறம் கல்லு நுழையாதா? கூட ஓட்டற நண்பன் ஒருத்தனுக்கு ஜல்லி கொட்டின ரோட்டுல முன்னாடி போன லாரி டயர்லருந்து தெறிச்ச கல் கோர்ல (ரேடியேட்டரோட நடுப்பகுதியில) அடிச்சு, பச்சைத் தண்ணி, அதான் கூலண்ட், ஒழுகி, வண்டிய வேன்ல ஏத்தித்தான் கொண்டு வந்தோம். அதுலருந்து எனக்கு இதே யோசனை.

கடையில விக்கற கார்டுல, அதாவது ரேடியேட்டர் முன்னாடி மாட்டற தடுப்புல, ரெண்டு மூணு வகை பார்த்தேன். ஒண்ணு லேசர்ல வெட்டின தகடு, அறுகோண ஓட்டை. இன்னொண்ணு ஃப்ரேமுக்குள்ள எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி வலை. மூணாவது குறுக்குப் பட்டை பட்டையா ஜன்னல் அடைப்பு போல வர்றது. இன்னொரு பக்கம் வெறும் வலை வாங்கி வெட்டி மடிச்சு கேபிள் டை போட்டு இறுக்கினா போதும்னு நிறைய பேர் வீடியோ போடறாங்க. வீட்டுல செஞ்சா காத்து தடைபட்டு வண்டி சூடாகுமா, வலை ஓட்டை எவ்வளவு இருக்கணும், எங்க மாட்டணும், இதெல்லாம் செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

நெடுந்தூரம்:

நண்பா என் கருத்து வேற, சொல்றேன் கோச்சுக்காதீங்க. தார் ரோட்டுல ஓட்டற ஆளுக்கு இது தேவையே இல்ல. ரேடியேட்டர டிசைன் பண்றவங்க எவ்வளவு காத்து வரும், வெயில்ல டிராஃபிக்ல நின்னா எவ்வளவு சூடு வெளிய போகணும்னு கணக்குப் பண்ணித்தான் வச்சிருக்காங்க, எரியற பெட்ரோலோட சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூலண்ட் வழியாத்தான் வெளிய போகுது, அந்த வழியில போய் நாமளா ஒரு வலைய வச்சு மறைக்கறது எனக்கு சரியாப் படல. ஃபின்னு நாலு மடங்கினா என்ன ஆகிடப் போகுது, நேராக்கிக்கலாம். கார்டு வாங்கற காசுல நல்ல கூலண்ட் மாத்துங்க, ரேடியேட்டர் மூடி ரப்பர் நல்லா இருக்கான்னு பாருங்க.

பட்டறை_தாத்தா:

தம்பி நெடுந்தூரம் சொல்றதுல பாதி சரி. ஃபின் மடங்கறதும் ட்யூப் ஓட்டையாகறதும் ஒண்ணு இல்ல. ரேடியேட்டர எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, தட்டையா வரிசையா போறது ட்யூப், அதுக்குள்ளதான் கூலண்ட் ஓடுது. நடுவுல வளைஞ்சு வளைஞ்சு நிக்கற மெல்லிசுத் தகடுதான் ஃபின், அது சூட்டை வாங்கிக் காத்துக்குக் குடுக்கற வேலை மட்டும்தான் செய்யுது. ஃபின்ல கல்லு பட்டா மடங்கும், லீக் ஆகாது. ட்யூப்போட மூக்குல, அதாவது முன்பக்கம் பார்த்து நிக்கற அந்த குறுகின விளிம்புல பட்டா ஓட்டை. ட்யூப் சுவர் மில்லிமீட்டர்ல சின்னப் பங்குதான், அலுமினியம் வேற.

என்கிட்ட வர்ற ரேடியேட்டர்ல ஓட்டை பெரும்பாலும் கீழ்ப் பாதியில, நடுவாக்குல இருக்கும். முன்டயர் வீசற கல்லு அங்கதான் வந்து அடிக்குது. அதனால கார்டு பத்தி யோசிக்கறதுக்கு முன்ன முன்பக்க மட்கார்டைப் பாருங்க. வாய் உயரமா தூக்கி நிக்கற மட்கார்டு, இல்ல பின்பக்கம் குட்டையா முடியற மட்கார்டு இருந்தா முதல்ல கீழ ஒரு எக்ஸ்டெண்டர் (மட்கார்ட நீட்டற துண்டு) ஒட்டுங்க. பாதிக் கல்லு ரேடியேட்டருக்கே வராது, சேறும் வராது. காத்தையும் மறைக்காது. கார்டு மிச்சத்துக்கு.

மண்ரோடு:

எக்ஸ்டெண்டர் நான் யோசிக்கவே இல்ல தாத்தா, நன்றி. அது போட்டாலும் எதிர்ல வர்ற வண்டி, முன்னாடி போற வண்டி தெறிக்கறது வரும்தானே. நான் பாதி நேரம் மண்ணு, சரளை, உடைஞ்ச ரோடுன்னுதான் போறேன்.

அளவுகோல்:

வலையோட ஓட்டை பத்தி கேட்டீங்க, இதை ஊகத்துல விடாம கணக்காப் பார்க்கலாம், ஏன்னா கடையில விக்கறவங்களும் சரி வீடியோ போடறவங்களும் சரி "நல்லா காத்து வரும்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க.

சதுர ஓட்டை வலைக்கு, ஓட்டை அகலத்த ஓட்டை அகலமும் கம்பி தடிமனும் சேர்ந்ததால வகுத்து, வர்ற விடைய அதாலயே பெருக்கணும். அதுதான் திறந்த பரப்பு. 5 மிமீ ஓட்டை, 1 மிமீ கம்பின்னா 5 வகுத்தல் 6, அதை வர்க்கம் பண்ணினா 69 சதவீதம். 10 மிமீ ஓட்டை அதே கம்பின்னா 83 சதவீதம். 2 மிமீ ஓட்டை அரை மிமீ கம்பின்னா 64. இப்ப வட்ட ஓட்டை போட்ட தகட்டுக்கு வாங்க, 5 மிமீ ஓட்டை, மையத்துக்கு மையம் 8 மிமீ, மாத்தி மாத்தி வரிசைன்னா வெறும் 35 சதவீதம்தான் திறந்திருக்கு, மீதி 65 சதவீதம் சுவர். பார்க்கும்போது ஓட்டை நிறைய இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா கணக்கு வேற. அறுகோண ஓட்டை ஏன் போடறாங்கன்னா ஓட்டைக்கு நடுவுல இருக்கற பட்டை எல்லாப் பக்கமும் ஒரே அகலத்துல மெல்லிசா வரும், 8 மிமீ ஓட்டையும் ஒன்றரை மிமீ பட்டையும் இருந்தா 71 சதவீதம் கிடைக்கும். அதனால கடையில வாங்கறதா இருந்தா ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போய் ஓட்டையையும் பட்டையையும் அளந்து பாருங்க, 60 சதவீதத்துக்குக் கீழ வந்தா நான் வாங்க மாட்டேன்.

இதுல முக்கியமா ஒண்ணு, சதவீதம் மட்டும் போதாது. கொசுவலை இருக்கே, 1.2 மிமீ ஓட்டை கால் மிமீ கம்பி, கணக்குப் போட்டா 68 சதவீதம் வரும், அஞ்சு மிமீ வலைக்குக் கிட்ட. ஆனா ஓட்டை அவ்வளவு சின்னதா இருந்தா காத்து ஒவ்வொரு கம்பியிலயும் ஒட்டி உரசிக்கிட்டுப் போகும், மெதுவா போகும்போது தடை ரொம்ப ஏறும். அதுக்கும் மேல பூச்சி, தூசி, சேறு ஒருதரம் அடைச்சா திறந்த பரப்பு கணக்கெல்லாம் போச்சு. கொசுவலைய ரேடியேட்டர்ல கட்டறவங்கள தயவுசெஞ்சு தடுங்க.

மண்ரோடு:

அப்ப 5 மிமீ ஓட்டைக்குள்ள நுழையற சின்னக் கல்லு? அது ட்யூப்ப ஓட்டை போடாதா?

அளவுகோல்:

நல்ல கேள்வி. கல்லோட எடை விட்டத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், அதாவது விட்டம் பாதியானா எடை எட்டுல ஒண்ணு. 12 மிமீ உருண்டைக் கல் சுமார் 2.4 கிராம், 6 மிமீ கல் 0.3 கிராம்தான். ரெண்டும் 108 கிமீ வேகத்துல வந்து அடிச்சா பெரிசு ஒரு ஜூலுக்குக் கொஞ்சம் மேல சக்தியோட இடிக்கும், சின்னது 0.14 ஜூல் கூட இல்ல. அதனால வலைய எல்லாக் கல்லையும் நிறுத்தற மாதிரி செய்ய வேண்டியதில்ல, பெரிய கல்ல நிறுத்தினாப் போதும், அதுக்கு 5லருந்து 8 மிமீ ஓட்டை சரியா இருக்கும். சின்னது உள்ள போய் ஃபின்ன மடக்கும், அவ்வளவுதான். ஆனா வேகம் வர்க்கமா ஏறும்கறத மறக்காதீங்க. எதிர்ல வர்ற லாரி தெறிக்கறதுல ரெண்டு வண்டி வேகமும் சேர்ந்துதான் வரும், ஹைவேல ஓட்டறவங்களுக்கு கார்டு தேவையில்லன்னு நெடுந்தூரம் சொன்னத இதனாலதான் நான் ஏத்துக்கல.

நெடுந்தூரம்:

கணக்கு புரியுது. ஆனா சூடு? என்கூட வர்றவர் கார்டு போட்டார், மீட்டர்ல டெம்பரேச்சர் ஒண்ணும் மாறலன்னு சொன்னார், அப்ப காத்தே தடைபடலன்னு அர்த்தமா? அதை நம்ப முடியல.

அளவுகோல்:

அதை அப்படிப் பார்க்கக் கூடாது. உள்ள தெர்மோஸ்டாட் இருக்கு. கூலண்ட் குளிர்ந்தா அது மூடிக்கிட்டு ரேடியேட்டருக்குப் போற அளவைக் குறைக்கும், சூடானா திறக்கும். அதனால ஓடற வண்டியில ரேடியேட்டரோட திறன் கொஞ்சம் குறைஞ்சாலும் மீட்டர்ல அதே எண்தான் காட்டும், ஏன்னா தெர்மோஸ்டாட் கொஞ்சம் கூட திறந்து ஈடு கட்டிடும். கையிருப்பு குறையுது, ஆனா கண்ணுக்குத் தெரியல. தெரியற இடம் ரெண்டு: ஒண்ணு நீளமான ஏத்தத்துல சுமையோட முதல் ரெண்டாவது கியர்ல போகும்போது, இன்னொண்ணு வெயில்ல நிக்கும்போது ஃபேன் போட்டதுக்கு அப்பறம் திரும்ப அணையறதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுங்கறது. சோதிக்கணும்னா ஒரே நாள், ஒரே இடம், ஒரே வெயில்ல, வண்டிய சூடாக்கி ஐடிலிங்ல நிறுத்தி, ஃபேன் ஓடற நேரத்த கார்டு இருக்கறப்பவும் கழட்டினப்பவும் ஃபோன்ல டைம் பண்ணிப் பாருங்க. நான் கம்பி வலைக்கும் வட்ட ஓட்டைத் தகட்டுக்கும் இப்படிப் பார்த்ததுல வலைக்கு வித்தியாசம் சொல்லிக்கற மாதிரி இல்ல, தகட்டுக்கு ஃபேன் நல்லாவே இழுத்தடிச்சுது.

காட்டுவழி:

உள்ள வரலாமா, நான் பெரும்பாலும் மண்ணுலயும் சேத்துலயும் ஓட்டறவ, அங்க கதை வேற. எல்லாரும் வறண்ட வலைக்குக் கணக்குப் போட்டுட்டு இருக்கீங்க. சேத்துல ஒரு மணி நேரம் போய்ப் பாருங்க, முன்டயர் அள்ளி வீசற களிமண் வலை மேல அப்பிக் காயும், அப்ப எழுபது சதவீதம் எல்லாம் பேச்சுக்குத்தான். இதைவிட மோசம் வலைக்கும் கோருக்கும் நடுவுல போய் ஒக்கார்ற சேறு. வெளிய இருந்து பார்த்தா சுத்தமாத் தெரியும், உள்ள காய்ஞ்ச மண் கட்டியா நிக்கும், தண்ணி அடிச்சாலும் வராது. அதனால மண்ணுல ஓட்டறவங்க கார்டு எதை வாங்கினாலும், செஞ்சாலும், ரெண்டு போல்ட்டுல கழட்டற மாதிரி இருக்கணும். கேபிள் டைய வெட்டி வெட்டி மாட்டற வலைய யாரும் வழியில கழட்டிக் கழுவ மாட்டாங்க, அதுதான் நிஜம்.

அந்தப் பட்டை பட்டையா வர்ற வகை மண்ணுக்கு நல்லா ஒத்துவரும். பட்டை சாய்வா இருக்கறதால கல்லு நேரா உள்ள போகாது, சேறு வழுக்கி விழும், விரல விட்டே துடைச்சிடலாம்.

இன்னொரு விஷயம், முன்பக்க கார்டு கல்லுக்கு மட்டும்தான். வண்டி பக்கவாட்டுல விழுந்தா ரேடியேட்டர் நசுங்கறது வேற, அதுக்கு பிரேஸ் வேணும், ரேடியேட்டரச் சுத்தி கெட்டியா நிக்கற அலுமினியக் கூண்டு. டர்ட் பைக்குல ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கறதால அங்க பிரேஸ்தான் முதல் தேவை, வலை அப்பறம். அட்வென்ச்சர் வண்டிக்கு கிராஷ் கார்டு இருந்தா பக்கவாட்டு அடிய அது வாங்கிக்கும்.

மண்ரோடு:

அக்கா இது யாரும் சொல்லாத விஷயம், ரொம்ப நன்றி. கழுவறதப் பத்தி கேட்கணும், வாட்டர் கன்ல அடிக்கலாமா?

காட்டுவழி:

கிட்ட வச்சு அடிக்கவே கூடாது. ஃபின்னு அப்படியே சாஞ்சு படுத்துடும், ஒரு கல்லுக்கு ஒரு இடம்தான் கெடும், கன்னால அரை ரேடியேட்டர் கெடும். சாதாரண ஓஸ் பைப், பின்பக்கத்துலருந்து முன்பக்கமா தண்ணி விடுங்க, வந்த வழியிலயே சேறு வெளிய தள்ளும். காஞ்சிருந்தா முதல்ல நனைச்சு ஊற விடுங்க. மடங்கின ஃபின்ன நேராக்க ஃபின் சீப்புன்னு ஒண்ணு விக்குது, இல்லாட்டி பல் குச்சி போதும், ஸ்க்ரூடிரைவர் எடுத்தீங்கன்னா ட்யூப்ல கீறல் விழும்.

பட்டறை_தாத்தா:

அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி. இப்ப மாட்டற விஷயத்துக்கு வரேன், ஏன்னா என்கிட்ட வர்றதுல கல்லால போனது ஒரு பங்குன்னா கார்டாலயே போனதும் கணிசமா இருக்கு.

வலைய ரேடியேட்டர் கோர் மேல படற மாதிரி வச்சு, ஃபின்னுக்குள்ள டைய நுழைச்சு இழுத்துக் கட்டிடறாங்க. வண்டி ஓடற வரைக்கும் எல்லாம் ஆடிக்கிட்டேதான் இருக்கும். வலை எஸ்எஸ், கோர் அலுமினியம், எது தேயும்? கொஞ்ச நாள்ல ட்யூப் மூக்கு பளபளன்னு தேஞ்சு, அப்பறம் ஊசி முனை அளவு ஓட்டை. கல்லுக்குப் பயந்து போட்ட வலையே ரம்பமா அறுத்துடும். அதோட மழைத் தண்ணி, உப்புக் காத்து இருந்தா எஸ்எஸ்ஸும் அலுமினியமும் ஒட்டின இடத்துல அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து நிக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. ரப்பர் வாஷர், நைலான் வாஷர் எதையாவது நடுவுல வைங்க.

கோருக்கும் வலைக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்க. வலை கல்லு பட்டா உள்பக்கமா குழியும், அந்தக் குழிவு கோரத் தொடக் கூடாது. பெரிய ரேடியேட்டரா இருந்தா வலைக்கு நடுவுல குறுக்கா ஒரு பட்டை குடுங்க, இல்லாட்டி வலை தொப்பையா உள்ள வாங்கும்.

மண்ரோடு:

தாத்தா கோர்ல கட்டக் கூடாதுன்னா எதுல மாட்டறது? ரேடியேட்டர் போல்ட்டுலயா, ஃப்ரேம்லயா?

பட்டறை_தாத்தா:

ரேடியேட்டர் போல்ட்டுல மாட்டு, ஆனா ஒண்ணு கவனி. ரேடியேட்டர் ஃப்ரேம்ல நேரா உக்காராது, ரப்பர் புஷ்ஷுல மிதக்கும், நடுவுல ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும். கார்டுக்காக நீள போல்ட் போடும்போது அந்தக் குழாய தூக்கிப் போட்டுட்டு ரப்பர நசுக்கி இறுக்கிடறாங்க. இல்லன்னா கார்டோட ஒரு முனை ரேடியேட்டர்ல, மறு முனை ஃப்ரேம்லன்னு மாட்டிடறாங்க. ரெண்டுலயும் எஞ்சின் அதிர்வு நேரா ரேடியேட்டர் காதுக்கு (போல்ட் மாட்டற நீட்டலுக்கு) போகும், அந்தக் காது வெல்டிங் விட்டு விரிசல் விழும். கல்லு ஓட்டைய நான் அடைச்சுத் தருவேன், காது விரிஞ்சா ரேடியேட்டர் டேங்கோட போயிடும். ஒண்ணு முழுக்க ரேடியேட்டரோட மிதக்கட்டும், இல்ல முழுக்க ஃப்ரேம்ல நிக்கட்டும். பாதி பாதி வேண்டாம்.

அளவுகோல்:

தாத்தா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். கார்டு வச்சதும் ரேடியேட்டர விட முன்னாடி தள்ளி நிக்கும். முன் சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினா மட்கார்டும் டயரும் எவ்வளவு பின்னாடி, மேல வருதுன்னு பார்க்காம மாட்டாதீங்க. ராட்செட் பெல்ட் போட்டு ஹேண்டில கீழ இழுத்து ஃபோர்க்க அமுக்கி, ஹேண்டில ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. பள்ளத்துல அடிச்சு மட்கார்டு கார்டுல இடிச்சா கார்டு ரேடியேட்டர்ல இடிக்கும், இல்ல டயர் சிக்கும். இது சூட்டை விட முக்கியமான சோதனை, ஆனா ஒரு வீடியோலயும் காட்டறதில்ல.

நெடுந்தூரம்:

சரி, ஒத்துக்கறேன், போடறவங்க போடட்டும். ஆனா வண்டியோட வந்த பிளாஸ்டிக் ஜாலிய என்ன பண்றது, அது மேலயே வலை போட்டுடலாம்ல, தனி ஃப்ரேம் எதுக்கு?

அளவுகோல்:

ரெண்டு ஜாலி ஒண்ணு மேல ஒண்ணு வந்தா ரெண்டு மறைப்பும் பெருக்கப்படும். 70 சதவீதம் திறந்தது மேல 70 சதவீதம் வச்சா 49தான் மிச்சம், ரெண்டோட கம்பியும் ஒரே கோட்டுல வராத வரைக்கும். ஆனா வண்டி ஜாலியோட ஓட்டை பெரிசா, பட்டை மெல்லிசா இருந்தா, 85 சதவீதம் திறந்திருக்குன்னு வைங்க, அது மேல 70 சதவீத வலை போட்டா 60 கிட்ட வரும், அது ஓகே. மண்ரோடு ஜாலியில விரல் நுழையுதுன்னு சொன்னார், அவருக்கு இந்த வழி ஒத்துவரும்னு நினைக்கிறேன்.

பட்டறை_தாத்தா:

ஒத்துவரும், அதுதான் வீட்டுல செய்யறவனுக்கு நல்ல வழியும். அந்தப் பிளாஸ்டிக் ஜாலி ஏற்கனவே சரியான இடத்துல, கோருக்கு இடைவெளி விட்டு, கம்பெனி குடுத்த கிளிப்புல நிக்குது. அதைக் கழட்டி மேசையில போட்டு, அட்டையில அளவு எடுத்து வெட்டி ஒருதரம் பொருத்திப் பார்த்துட்டு, அப்பறம் வலைய தகரக் கத்திரியால வெட்டு. முன்பக்கம் வலைய வச்சு பிளாஸ்டிக்குல டை போட்டுக் கட்டு, கோர் பக்கம் டை முடிச்சு வரக் கூடாது. டை கருப்பு நிறத்துல வெயில் தாங்கறதா இருக்கட்டும், வெள்ளை டை வெயில்ல பொடிஞ்சு உடையும். வெட்டின ஓரம் ஒவ்வொண்ணும் ஊசி, அதை மடிச்சு விடு இல்ல காருக்குக் கதவு ஓரத்துல ஒட்டற யு ரப்பர் வாங்கி மாட்டு. கை கிழியறது ஒரு பக்கம், வயரும் ஓஸும் அந்த ஓரத்துல உரசினா அறுந்துடும்.

பெயிண்ட் அடிக்கறதா இருந்தா மெல்லிசா ஸ்ப்ரே ஒரு கோட் போதும்.

அளவுகோல்:

பவுடர் கோட்டிங் பத்தி ஒரு எச்சரிக்கை. அது ஒவ்வொரு பக்கமும் 60லருந்து 100 மைக்ரான் வரை ஏறும். 5 மிமீ ஓட்டை வலைக்கு 69 சதவீதம் 64 ஆகும், பரவாயில்ல. 2 மிமீ ஓட்டை வலைக்கு 64 சதவீதம் 52 ஆகிடும். நெருக்கமான வலைக்கு கோட்டிங் வேண்டாம், எஸ்எஸ் அப்படியே இருக்கட்டும்.

புதுவண்டி:

எனக்கு ஒரு பயம், இவ்வளவும் செஞ்சும் வழியில ஓட்டை விழுந்துட்டா என்ன பண்றது? ஊருக்கு வெளிய எங்கயாவது நின்னா?

காட்டுவழி:

முதல்ல டெம்பரேச்சர் லைட் வந்தா உடனே நிறுத்துங்க, அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க. கூலண்ட் காலியானா சென்சார் காத்துல நின்னு தப்பான அளவு காட்டவும் வாய்ப்பிருக்கு, அதனால கால்ல இனிப்பு வாடையோட ஈரம் பட்டாலே நிறுத்திப் பாருங்க. பின்டயர்ல கூலண்ட் பட்டிருந்தா நல்லா துடைச்சு மண்ணுல உருட்டிட்டு எடுங்க, கூலண்ட்ல கலந்திருக்கற கிளைக்கால் வழுக்கும், வளைவுல சாஞ்சா போச்சு. நாய், ஆடு இருக்கற இடத்துல ஒழுகினத மண்ணைப் போட்டு மூடுங்க, இனிப்பா இருக்கும்னு நக்கும், அது விஷம்.

சூடா இருக்கும்போது மூடியத் திறக்காதீங்க. மூடி சுமார் 1.1 பார் அழுத்தம் பிடிச்சு வச்சிருக்கு, பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்துல 107 டிகிரி வாக்குல கொதிக்கும், அந்த அழுத்தத்துல கிட்டத்தட்ட 128 வரை கொதிக்காம தாக்குப் பிடிக்கும். திறந்த உடனே அழுத்தம் போயி மொத்தமும் கொதிச்சு முகத்துல அடிக்கும். கை வச்சா சுடாத வரைக்கும் காத்திருங்க.

பட்டறை_தாத்தா:

ஆறினதும் ஓட்டை எந்த ட்யூப்னு கண்டுபிடி. ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஃபின்ன கொஞ்சம் பிச்சு எடு, ட்யூப்ப நடுவுல வெட்டி, ரெண்டு முனையையும் நோஸ் பிளையர்ல நசுக்கி ஒரு மடிப்பு மடிச்சு விடு. அந்த ஒரு ட்யூப் போயிடும், மத்ததெல்லாம் வேலை செய்யும். மடிச்ச இடத்துல எபாக்சி புட்டி இருந்தா வைக்கலாம், ஆனா இடம் காய்ஞ்சு எண்ணெய் இல்லாம இருக்கணும், உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு வை, ஈரத்துல வச்சா உரிஞ்சு வந்துடும். தண்ணிய ஊத்தி, மூடிய முழுசா இறுக்காம முதல் படியிலயே நிறுத்து, உள்ள அழுத்தம் ஏறாது, புட்டி பிச்சுக்கிட்டு வராது. அழுத்தம் இல்லன்னா நூறு டிகிரியிலயே கொதிக்கும்கறதால மெதுவா, நின்னு நின்னு போ. தண்ணி பாட்டில் ரெண்டு கைவசம் இருக்கட்டும்.

ஓட்டை அடைக்கற பொடி, திரவம் விக்கறாங்களே அதை நான் கடைசி வழியாத்தான் சொல்வேன். மோட்டார் சைக்கிள் ட்யூப் குறுகல், ஓட்டைய அடைக்கறது அதையும் சேர்த்து அடைக்கும். ஊத்தினா வீட்டுக்கு வந்ததும் முழுசா ஃப்ளஷ் பண்ணு.

புதுவண்டி:

ரொம்ப நன்றி தாத்தா, அக்கா. புட்டியும் நோஸ் பிளையரும் டூல் பையில போட்டுடறேன்.

மண்ரோடு:

எல்லாருக்கும் நன்றி. நான் எடுத்த முடிவு இதுதான்: முதல்ல மட்கார்டு எக்ஸ்டெண்டர். அப்பறம் வண்டி ஜாலியிலயே 6 மிமீ ஓட்டை, 1 மிமீ எஸ்எஸ் கம்பி வலை, முன்பக்கமா, யு ரப்பர் ஓரத்தோட. இப்பவே அட்டை வெட்டி வச்சுப் பார்த்துட்டேன், கோருக்கும் ஜாலிக்கும் நடுவுல விரல் தாராளமா போகுது, கீழ் மூலையில மட்டும் இடம் குறைச்சல், அங்க வலைய கொஞ்சம் வெளிப் பக்கமா வளைக்கலாம்னு இருக்கேன். ஃபோர்க்க அமுக்கிப் பார்த்துட்டு அப்பறம்தான் கட்டுவேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி, என் தம்பி வண்டி ஏர் கூல்டு, ரேடியேட்டர் இல்ல, ஆனா முன்னாடி சின்னதா ஆயில் கூலர் நிக்குது. அதுக்கும் இதே கணக்கா?

பட்டறை_தாத்தா:

வலைக்குக் கணக்கு அதேதான், ஆனா அவனுக்கு உன்னை விட அவசரம். கூலண்ட் போனா லைட் எரியும், நிறுத்த நேரம் இருக்கும். ஆயில் கூலர் ஓட்டையானா எஞ்சின் ஆயில் பம்ப் அழுத்தத்துலயே பீய்ச்சி வெளிய போகும், ஆயில் லைட் எரியறதுக்குள்ள பேரிங் காயும், கசிஞ்ச ஆயில் நேரா பின்டயர்ல. கூலர் சின்னதா இருக்கறதால வலை வெட்டறது சுலபம். கூலருக்குப் போற ரெண்டு ஓஸோட இணைப்பு நட்டு வலை ஃப்ரேம்ல படாம பார்த்துக்கச் சொல்லு, அங்க தேய்ஞ்சாலும் ஆயில்தான். ஞாயித்துக்கிழமை ரெண்டு வண்டியையும் பக்கத்துல நிறுத்தி கூலர நேர் முன்னாடியும் கீழ இருந்தும் போட்டோ எடுத்துப் போடுங்க, எங்க மாட்டறதுன்னு பார்த்துச் சொல்றேன்.